மொட்டை ஒண்ணு, கலாட்டா ரெண்டு

ஜூன் 2, செவ்வாய்

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். பீட்சா கடை என்றேன். "அதுக்கு எதுக்கு இவ்வளவு கத்தணும்?" என்றார். கத்தணும் டாக்டர், பதினேழு வருஷமாகக் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

குரல் நாணில் சின்ன முடிச்சாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு மெதுவாகப் பேசலாம், கத்துவது மட்டும் ஜென்மத்துக்கும் கிடையாது. எதுவானாலும் எழுதிக் காட்ட வேண்டுமாம். வீட்டுக்காரர் முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு நாலு குறிப்பேடு வாங்கி வந்தார். உள்ளுக்குள் மனுஷனுக்குக் கொண்டாட்டம். எனக்குத் தெரியாதா?

ஜூன் 3, புதன்

மகள் ஆபீசுக்கு ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுக் கடையில் வந்து நிற்கிறாள். எனக்குப் பதிலாக ஆர்டரை அவள்தான் உள்ளே சொல்கிறாள். சொல்கிறாளா அது? செய்தி வாசிக்கிறாள். "ஒரு சீஸ் பீட்சா, இரண்டு காய்கறி பீட்சா." அடுப்படியில் மாஸ்டர் முழித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் கடையில் எதற்கும் அந்தப் பெயர் கிடையாது. வெறும் சீஸ் என்றால் மொட்டை. காய்கறி போட்டது தோட்டம். மிளகாய் தூக்கலாக இருப்பது அழுமூஞ்சி. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டது கலாட்டா. கடை திறந்த முதல் மாதம், எதிர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி முடிந்து கூட்டம் அலைமோதிய அன்று பிறந்த பெயர்கள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அடுப்படிச் சுவரிலிருந்த ஜன்னல் வழியாக, "மேல ஒண்ணுமே இல்லாதது மாஸ்டர், அந்த மொட்டை!" என்று அலறினேன். உள்ளேயிருந்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நான் "மொட்டை ஒண்ணு, கலாட்டா ரெண்டு!" என்றால் அவர் "வந்தாச்சு!" என்பார். மாவைக்கூடத் தொட்டிருக்க மாட்டார், ஆனாலும் வந்தாச்சுதான். கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் சேர்ந்து "வந்தாச்சு" சொன்ன காலம் உண்டு.

திறப்பு விழாவுக்குக் கடை பெயர் போட்டு ஆயிரம் ஆர்டர் சீட்டு அச்சடித்து வைத்திருந்தேன். அவர் அந்தக் கட்டை அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். "காகிதத்தப் பாத்துப் பண்ணா கை வராதுக்கா. நீங்க சத்தமா சொல்லுங்க. உங்க குரலக் கேட்டாதான் எனக்கு வேலை ஓடும்." ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். என் குரலை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கம்மா தகர டப்பா என்பாள்.

ஜூன் 8, திங்கள்

பில்லிங் சிஸ்டம் வாங்கியே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். "கவுன்டர்ல நீ தொட்டா போதும்மா. உள்ள மாஸ்டர்கிட்ட சீட்டு அடிச்சு வந்துடும். நீ வாயத் திறக்கவே வேணாம்." முப்பதாம் தேதி அவள் லீவு முடிகிறது. அதற்குள் முடிவு செய்யாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மூன்று கம்பெனியை ஒப்பிட்டுப் பட்டியல் போட்டிருக்கிறாள். கடைசி கம்பெனிக்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

முதல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து சின்ன பிரின்டரை அடுப்படியில் வைத்துக் காட்டினாள். கிர்ரென்று சீட்டு வந்தது. மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்தார். "கண்ணாடி வீட்டுல இருக்கு" என்று சொல்லி, அடுப்பைக் கிளறப் போய்விட்டார்.

ஜூன் 10, புதன்

இன்றும் கண்ணாடி வீட்டிலேயே இருக்கிறது. பொல்லாத கண்ணாடி!

சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அந்த மிஷினு வந்தா நான் கிளம்பிடறேன்க்கா. வேற ஆள் பாத்துக்குங்க" என்றார். சர்வ சாதாரணமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, குறிப்பேட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதி, கிழித்து நீட்டினேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரிக்கா, பாக்கறேன்."

அவ்வளவுதானா? அந்தப் பக்கத்துக்கு அவ்வளவுதானா பதில்?

ஜூன் 11, வியாழன்

ஒன்றும் சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரர்.

ஜூன் 15, திங்கள்

நாளை புகைக்கூண்டு சுத்தம் செய்ய ஆள் வருகிறார். மகள் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. "நாளைக்குக் கடை லீவு. வர வேண்டாம்" என்று எழுதி மாஸ்டரிடம் காட்டினேன். "சரிக்கா, பண்ணிடறேன்" என்றார்.

பண்ணிடறேனா? வராமல் இருப்பதில் பண்ண என்ன இருக்கிறது? கோபம் போலிருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்

பதினோரு மணிக்குச் சாவியோடு போனால், கடை வாசல் படியில் மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். எட்டு மணியிலிருந்து. வெயில் முகத்தில் அடிக்கிறது.

"என்னக்கா, நேரமாயிடுச்சு?"

நேற்று எழுதிய தாளைக் குறிப்பேட்டில் புரட்டி அவர் முன்னால் நீட்டினேன், கொஞ்சம் வேகமாகவே. அவர் தாளைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

அந்த ஒரு நொடியில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. வீட்டில் இருக்கும் கண்ணாடி. மைதா மூட்டை எந்தக் கம்பெனி என்பதைத் தையல் நூல் நிறத்தை வைத்துச் சொல்வது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையை என்னிடமே கொடுத்து, "நீங்க படிங்கக்கா, உங்க வாயால கேக்கணும்" என்றது. ஓரமாக வைத்த ஆயிரம் சீட்டு. "உங்க குரலக் கேட்டாதான்..."

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் பதினேழு வருஷம்!

"பள்ளிக்கூடம் போனதில்லக்கா" என்றார். "சின்ன வயசுல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் உங்க கடைக்கு வந்தேன், நீங்க சத்தமா சொன்னீங்க. எனக்கு ஒரு கொறையும் தெரியல. இப்ப மிஷினு சீட்டு நீட்டுனா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். அதான் கிளம்பறேன்னேன்."

பேசத் தவித்தேன். குரல் கிடையாது. குறிப்பேட்டைத் திறந்தேன், உடனே மூடினேன். எழுதி என்ன பிரயோஜனம்? எனக்கு வாய் இல்லை, அவருக்கு எழுத்து இல்லை. நல்ல ஜோடி.

கதவைத் திறந்து நேராக அடுப்படிக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தகரத் தகடு இருக்கிறது. நான் கத்தக் கத்த, அவர் மறக்காமல் இருக்கச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளும் இடம். வெறும் வட்டம் மொட்டை. உள்ளே மூன்று கோடு இருந்தால் தோட்டம். ஒரு சொட்டுக் கண்ணீர் அழுமூஞ்சி. உள்ளே தாறுமாறாகக் கிறுக்கியிருந்தால் கலாட்டா. சாக்பீஸை எடுத்து ஒரு வட்டமும் இரண்டு கிறுக்கல் வட்டமும் வரைந்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"மொட்டை ஒண்ணு, கலாட்டா ரெண்டு" என்றார் தன்னையறியாமல்.

தகட்டை விரலால் தட்டினேன். அவரைக் காட்டினேன். மறுபடி தகட்டைத் தட்டினேன். இது படிப்பு இல்லாமல் வேறென்ன ஐயா? அவருக்குப் புரிந்ததோ என்னவோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். நானும் அழுதேன். சத்தமில்லாமல்தான்.

ஜூன் 18, வியாழன்

மகளின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட மூன்றாவது கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதில் அடுப்படிக்குச் சீட்டு வராது, ஒரு திரை வரும். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் நாம் விரும்பும் படத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, மூணுல அதுதான் மோசம்! பாக்கவே பழைய டிவி மாதிரி இருக்கு. ஏன் அது?"

"பட்டன் பெரிசாக இருக்கிறது" என்று எழுதிக் காட்டினேன். பெற்ற மகளானாலும் சொல்வதற்கில்லை. அவர் விஷயம் அது.

ஜூன் 22, திங்கள்

தகட்டிலிருந்த குறிகளைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். உடனே கடைக்கு போன். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். "மேடம், பீட்சா படம் அனுப்பச் சொன்னோம். ஏதோ கிறுக்கல் வந்திருக்கு, குழந்தை கையில போன் இருக்கா?" அடுப்படியில் மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதையே போடச் சொல்லி மகளுக்கு எழுதிக் காட்டினேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு மாஸ்டரைப் பார்த்தாள், போனில் "அதையே போடுங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. என் மகள்தான்.

ஜூன் 29, திங்கள்

முதல் நாள். முதல் வாடிக்கையாளர் வெறும் சீஸ் கேட்டார். பட்டனைத் தொட்டேன். உள்ளே டிங் என்றது. பதினேழு வருஷப் பழக்கம், உடம்பு தானாக ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வெறிச்சென்று இருந்தது கடை. ஆயிரம் மிஷின் வரட்டும், அந்தச் சத்தம் இனி வருமா?

அப்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. சும்மா இல்லை, பஸ் நிறுத்தம்வரை கேட்கிற குரல்.

"மொட்டை ஒண்ணு!"

திரையில் அவருடைய வட்டத்தைப் பார்த்துப் படிக்கிறார். பதில் சொல்ல எனக்குக் குரல் ஏது? கவுன்டரைக் கையால் இரண்டு தட்டு தட்டினேன்.

ஜூலை 14, செவ்வாய்

மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைக்குப் போய் மாஸ்டரிடம் அதைச் சொன்னேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் கையைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழியும் பதத்தில் இருந்தது. ஒரு மூலையில் எண்ணெய்.

"வீட்டுல படிச்சுச் சொல்லிருப்பாங்க. நான்தான் யார்கிட்டயும் குடுக்கல. நீங்க எழுதுனது, நீங்களே படிங்கக்கா."

படித்தேன். பள்ளிக்கூடக் கூட்டம், ஆயிரம் சீட்டு, தகர டப்பா, எல்லாம் இருந்தது. 'நீங்கள் போனால் எனக்குக் கடை வேண்டாம் மாஸ்டர்' என்று முடித்திருந்தேன். கடைசி வரியில் குரல் உடைந்தது. முடிச்சின் மேல் பழி போட்டுவிடலாம்.

காகிதத்தை வாங்கி மறுபடி நாலாக மடித்து அதே பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் திரை டிங் என்றது. மகள் ஆபீசிலிருந்தே போன் வழியாக ஆர்டர் போட்டிருக்கிறாள், எனக்குப் பேச்சு வரும் நாள் என்று தெரிந்து, வேண்டுமென்றே. அவர் போய்ப் பார்த்து, "மொட்டை ஒண்ணு, கலாட்டா ரெண்டு!" என்று கத்தினார்.

"வந்தாச்சு" என்றேன். மெதுவாகத்தான். அவருக்குக் கேட்டது.