எண்ணூறு மில்லி

மார்ச் 4, செவ்வாய்

காலை மாத்திரைகளோடு நூறு. பத்தரைக்கு எழுபது. மதியம் நூற்றைம்பது. டயாலிசிஸ் முடிந்து, பரிசு மாதிரி, இன்னொரு நூறு. மிச்சத்தை இரவுக்கு வைத்திருக்கிறேன்.

எடை இரண்டு கிலோ நானூறு கூடியிருந்தது. "சனிக்கிழமைக்கு அப்புறம் குடிச்சதெல்லாம் இங்க நிக்குது சார்," என்று நர்ஸ் தராசைக் காட்டினாள். என் சிறுநீரகங்கள் ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. அவை பார்த்த வேலையை ஒரு இயந்திரம் வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் பார்க்கிறது. அதனால் ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிதான். நவம்பரில் மீறினேன், நுரையீரலில் நீர் கோத்து நாலு நாள் ஆக்சிஜனில் கிடந்தேன். "அடுத்த தடவை நேரத்துக்கு வந்து சேருவீங்களான்னு நான் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். தெளிவான வாக்கியம். திருத்த ஒன்றும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

என் பாட்டிலில் எண்ணூறுக்குச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இருக்கிறது. நவம்பரில் என் மனைவி போட்டது. தினமும் காலையில் இவள் அதுவரை நிரப்பித் தருவாள். இவள் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக அமிலம் அளந்து ஊற்றுகிறவள். நான் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறேன். உலகத்தில் நான் சரிபார்க்காமல் நம்புவது அந்த ஒரு கோட்டைத்தான்.

கோந்தின் டீயை இன்று ருசி மட்டும் பார்த்தேன். (எங்கள் பைண்டரை எல்லோரும் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள்.) ருசி பார்ப்பது குடிப்பதாகாது. அரை டம்ளர் ருசி.

மார்ச் 7, வெள்ளி

ருசி, இரண்டு வேளை. வெயில்.

மார்ச் 9, ஞாயிறு

தேய்த்துக் கழுவியதில் கோடு அழிந்துவிட்டது. இவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நானே போட்டு வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பழைய கோட்டின் சுவடு லேசாகத் தெரிந்தது. அதுவரை தண்ணீர் நிரப்பி, எதற்கும் இருக்கட்டும் என்று இருமல் மருந்தின் மூடியால் அளந்தேன். ஒரு மூடி பத்து மில்லி.

அறுபத்தைந்து மூடி.

தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடியும் அளந்தேன். அறுபத்தைந்து.

நவம்பரிலிருந்து தினம் நூற்றைம்பது மில்லி என்னிடமிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்த ஒவ்வொரு பின்மதியத்திலும் எனக்கு உரிய தண்ணீர் குழாயிலேயே இருந்திருக்கிறது. வேறு யாராவது என்றால் கைதவறியது எனலாம். இவளுக்குக் கை தவறாது.

அதே நாள், மாலை

வந்ததும் பாட்டிலைக் காட்டினேன். "இது எவ்வளவு?"

"எண்ணூறு."

"அறுநூத்தம்பது."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "எத்தன தடவ அளந்தீங்க?"

"ரெண்டு."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

"ஏன்டி?"

"மிச்சம் நூத்தம்பதுதான் ஆபீஸ்ல டீயாப் போகுதே. காலைல அரை, சாயங்காலம் அரை. வெயில் ஜாஸ்தின்னா முழுசு. அதை நான் எந்தக் கணக்குல விடறது?"

அந்த அரையும் அரையும் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான்.

மார்ச் 10, திங்கள்

கோந்திடம் கேட்டேன். மறுக்கவாவது செய்வான் என்று எதிர்பார்த்தேன். பசை கிளறிக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

"ஆமா சார். தினம் சாயங்காலம் உங்க வீட்டுலேர்ந்து தங்கச்சி போன் பண்ணும். சொல்லிருவேன்."

"ஊத்திக் குடுக்கிறதும் நீ, போட்டுக் குடுக்கிறதும் நீயா?"

"நான் குடுக்கலன்னா முக்குக் கடைல போய் நின்னு குடிப்பீங்க. அங்க எவ்வளவு போகுதுன்னு யாரு பாக்கிறது? என் டம்ளர்னா அளவு தெரியும்ல."

"யாருய்யா உன்ன அளக்கச் சொன்னது?"

"நவம்பர்ல உங்கள ஆட்டோல தூக்கிப் போட்டது யாரு சார்?"

என்னைச் சுற்றி நாலு மாதமாக ஒரு நிர்வாகமே நடந்திருக்கிறது. ஆட்கள், வேலை நேரம், தினசரி அறிக்கை எல்லாம் உண்டு. எனக்குத்தான் அதில் பதவி இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று முதல் என் தண்ணீரை நானே அளந்துகொள்கிறேன். அறிவித்துவிட்டேன். "சரி," என்றாள். அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 13, வியாழன்

எண்ணூறு. முழு எண்ணூறு. டீ தனி. எடை இரண்டு தொள்ளாயிரம்.

மார்ச் 15, சனி

மூன்று முந்நூறு. நர்ஸ் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். அச்சகப் படியில் பாதியில் நின்றேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் முடியவில்லை. கோந்து தூக்கினான். நான் அவனோடு பேசுவதில்லை என்பதை மூச்சு வாங்கிக்கொண்டே நினைவூட்டினேன். "பேசாம வாங்க சார்," என்றான்.

இயந்திரத்தில் போட்டு மூன்று கிலோ எடுத்தார்கள். பள்ளியிலிருந்து இவள் ஓடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முகமெல்லாம் வியர்வை. ஸ்கேனில் கல் என்றார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவும்மா தண்ணி குடிக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

முதலில் என்னைப் பார்த்தாள். "ஸ்கூல்ல ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர். வீட்டுல இல்ல."

"வீட்டுல தண்ணி வராதா?"

"தண்ணி வரும். இவரு இருக்காரு."

மார்ச் 18, செவ்வாய்

ஒற்றுப் பிழை ஒன்று விட்டுப்போனால் மூன்றாம் வரியிலிருந்தே கண்ணில் படும் எனக்கு. பதினான்கு மாதமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் பக்கத்தில் டம்ளர் இல்லாதது படவில்லை.

படாதது என் தப்பு. சரி. ஆனால் இவள் சொல்லியிருக்கக் கூடாதா? என் தாகத்துக்குத் துணை வேண்டுமென்று நான் கேட்டேனா? கோடு, போன், இப்போது இது. இன்னும் என்னவெல்லாம் மறைத்து வைத்திருக்கிறாள்? கேட்டால், "அவ்வளவுதாங்க," என்கிறாள். நம்பலாமா? நம்பி நம்பித்தானே —

மார்ச் 23, ஞாயிறு

பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டேன். எதுவரை நிரப்புகிறாள் என்று பார்ப்பதில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மார்ச் 29, சனி

இரண்டு கிலோ. டீ இல்லை. கோந்து தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். போகட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவளுக்குத் தினம் இரண்டரை லிட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டம்ளரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குடித்துவிட்டு வருகிறாள். இன்று மதியம் எழுந்து போனவளைக் கூப்பிட்டேன்.

"இங்க உக்காந்து குடி."

"உங்களால பாத்துட்டிருக்க முடியாது."

"முடியாதுதான். குடி."

உட்கார்ந்தாள். குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. பார்த்தேன். என் வாய் காய்ந்தது. நடுவில் ஒரு முறைகூட இவள் டம்ளரை இறக்கவில்லை.

இவ்வளவு தாகத்தோடுதானா என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்?

"இன்னொண்ணு?" என்றேன்.

தலையாட்டினாள். எழுந்து போய் எடுத்து வந்தேன்.