நாற்காலிக்குப் பின்னால் என் படம்

என் தங்கச்சிக்கு,

என்னைப் போலவே நீயும் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்கு வரப்போவதாக எழுதியிருந்தாய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எனக்கு அதைச் செய்த மருத்துவமனையிலேயே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலிக்குப் பின்னால் என் பழைய குண்டுப் படம். அது சுவரில் தொங்கும்வரைதான் இந்த வேலை. வருகிறவர்கள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்; பிறகு கேட்பார்கள்.

"இப்ப எல்லாம் சாப்பிட முடியுதாக்கா?"

"ஓ, தாராளமா!"

உண்மையில், அந்தச் சிகிச்சைக்குப் பின் கல் சேர்ந்து பித்தப்பையையும் எடுத்த பிறகு, எண்ணெய் பட்ட எதைத் தின்றாலும் கழிப்பறைக்கு ஓட்டம்தான். படத்தில் இருக்கிறவள் என்னைவிட நன்றாகச் சிரிக்கிறாள்.

முடிவெடுக்குமுன் என்னிடம் கேளடி. ஆனால் வீட்டுக்கு வந்து கேள். மேசையில் கேட்டால் உன்னிடமும் "தாராளமா" என்றுதான் சொல்வேன்.

உன் அக்கா