அப்பாவின் இடது செருப்பு

புதன்கிழமை, பௌர்ணமி. இரவு பதினொன்றரை.

அப்பாவின் இடது செருப்பை என் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். வார் அறுந்துவிட்டது. குதிகால் பக்கம் பாதியைக் காணோம்.

சாயங்காலம் மூன்று பேரும் கிரிவலம் போனோம். வெறுங்காலோடு நடப்பதால் செருப்புகள் வீட்டிலேயே இருந்தன. "எல்லாத்தையும் மேல எடுத்து வெச்சிட்டியா?" என்று அம்மா கேட்டாள். "வெச்சிட்டேம்மா" என்றேன். வைக்கவில்லை. எங்கள் எட்டு மாத நாய் லட்டு ஐந்து மணி நேரம் தனியாக இருந்தது.

போன வாரம் ரிமோட்டைக் கடித்தபோதே அப்பா சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை எதனா கடிச்சுதுன்னா அடி அண்ணாமலையில கொண்டுபோய் விட்டுடுவேன். சுத்த வர்றவங்க பிஸ்கட் போடுவாங்க. பொழைச்சிக்கும்." இன்று அந்த வழியாகத்தான் நடந்தோம். ஓரத்தில் படுத்திருந்த ஒரு நாய்க்குப் பாதிக் காதுதான் இருந்தது.

திரும்பி வந்ததும் அம்மாவும் அப்பாவும் குழாயடியில் கால் கழுவினார்கள். நான் முதலில் உள்ளே போனதால் அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

காலையில் வெளியே கிளம்பும்போது அப்பா தேடுவார்.

என் செருப்பும் அம்மா செருப்பும் பக்கத்திலேயேதான் கிடந்தன. அவற்றில் ஒரு பல் தடம்கூட இல்லை. தினமும் காலையில் லட்டுவை வெளியே கூட்டிப்போவது அப்பாதான். இப்போது அது அப்பாவின் வலது செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது.

அப்பா எழுந்ததும், மேலே எடுத்து வைக்காதது நான்தான் என்று சொல்லிவிடுவேன். பிறகு இதைக் காட்டுவேன். அதுவரை லட்டு விழித்து அந்த வலது செருப்பையும் கடிக்காமல் இருக்க வேண்டும்.