எட்டுக் கூடை கொய்யா

8 செப்டம்பர் 1987, செவ்வாய். கரியாலூர்

காலையில் கொளஞ்சியக்கா வீட்டுக்குப் போனேன். மாசியில் நான் கூடவே நின்று கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லி ஒன்றிய அலுவலகத்தில் கேட்கிறார்கள். அடுப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பதினொரு முட்டை.

"நல்லா கதகதன்னு இருக்குது சேவிகாம்மா, கொற சொல்லக் கூடாது" என்றாள் அக்கா.

அறிக்கையில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிவிட்டேன். பொய்யில்லையே!

இந்த மலைக்குக் கிராம சேவிகாவாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது. தையல் மிஷின் துருப்பிடித்துக் கிடக்கிறது. அடுப்பில் கோழி. மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

திரும்பும் வழியெல்லாம் கொய்யா. வியாபாரி சுப்புராயனின் ஜீப் செவ்வாய்தோறும் கீழேயிருந்து வரும். கூடையைக் கவிழ்த்து, நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு, டீ குடிக்கக் காணாத காசை நீட்டிவிட்டுப் போய்விடுவார். இன்றும் அப்படித்தான். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவின் கடிதம் வந்திருக்கிறது. என் அண்ணன் அன்பு இப்போது சங்கம், மறியல், இட ஒதுக்கீடு என்று சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறானாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா? அப்பா எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டான். எனக்கு வேலை உத்தரவு வந்த அன்று பேச்சை நிறுத்தியவன். அவன் பி.ஏ. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து ஆறு வருடம். நான் பத்தாவதும் ஒரு பயிற்சியும். அதற்கு நான் என்ன செய்ய?

11 செப்டம்பர், வெள்ளி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் மாதர் சங்கத்துக்காரர்கள் ஜாம் போடத் தொடங்கியிருக்கிறார்கள். பதினேழாம் தேதி ஒன்றிய வண்டி வந்து எட்டுக் கூடை கொய்யா எடுத்துக்கொள்ளும், விலையும் நியாயமான விலை. கூட்டத்தில் இதைச் சொல்லி, வருகிற செவ்வாய்க்கிழமை சுப்புராயனுக்கு ஒரு பழம்கூடக் கொடுக்காதீர்கள் என்றேன். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ராஜாம்பாள்தான் கேட்டாள், வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்று.

"வரலன்னாலும் ஒரு பழம் வீணாகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

எப்படிப் பொறுப்பு? யாரைக் கேட்டுச் சொன்னேன்? ஆனால் கொளஞ்சியக்கா எழுந்து, "சேவிகாம்மா சொல்லிச்சின்னா சரி" என்றாள். பதினான்கு மாதத்தில் இந்த மலையில் ஒருத்தர் என் பேச்சை நம்பியது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

15 செப்டம்பர், செவ்வாய்

சுப்புராயன் வெறும் ஜீப்போடு திரும்பினார். கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் எரிச்சல். "அடுத்த வாரம் நீங்களே கூப்புடுவீங்க. அப்ப பாதி வெலதான்" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு வேறு.

16 செப்டம்பர், புதன்

எட்டுக் கூடை. பால்வாடி வராந்தா முழுக்கக் கொய்யா வாசம். நாளைக்கு இந்நேரம் வண்டி ஏறியிருக்கும்.

17 செப்டம்பர், வியாழன்

வண்டி வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை.

மத்தியானம் தபால்காரர் பாவாடை, எங்கள் வீட்டாரைத் தெரிந்தவர், அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி வந்தார். இன்று முதல் ஒரு வாரம் சாலை மறியலாம். கீழே ரோட்டில் வரிசையாக மரம் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். சைக்கிள்கூடப் போகாதாம்.

"உங்க அண்ணந்தான் கோடாலியோட நின்னுகினு இருந்தாரு. என்னப் பாத்ததும், பாத்துப் போங்கன்னு சொன்னாரு, மரியாத தெரிஞ்ச புள்ள" என்றார்.

ஆக, எட்டுக் கூடைக்கும் பொறுப்பு நான். வண்டியை மறித்தது என் அண்ணன். சிரிப்பதா அழுவதா? நான் சிரித்தேன், ராஜாம்பாள் சிரிக்கவில்லை. வரிசையாக இருந்த கூடைகளை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள்.

18 செப்டம்பர், வெள்ளி

நாமே ஜாம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பயிற்சியில் கொடுத்த காகிதத்தைத் தேடி எடுத்தேன். பழக்கூழுக்குச் சம எடை வெள்ளைச் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிப் பாட்டில்கள், மேலே ஊற்ற உருக்கிய மெழுகு. ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்து பத்து நாள். மற்றதெல்லாம் கள்ளக்குறிச்சியில்.

ஆனால் வீட்டுக்கு வீடு கொஞ்சம் வெல்லம் இருக்கிறது. அமிலத்துக்கு எலுமிச்சை. பாட்டிலுக்குச் சட்டியும் ஊறுகாய் ஜாடியும். மெழுகு வைத்து அடைக்காமல் எத்தனை நாள் தாங்கும் என்று ராஜாம்பாள் கேட்டாள். இந்தக் குளிருக்குப் பத்து நாள் கெடாது, அதற்குள் வழி திறந்துவிடும் என்றேன். நானாகச் சொன்னதுதான்.

வெல்லம் என்றால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பா கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அய்யனார் மகளுக்குப் பதம் தெரியாதா என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று பேசிக்கொள்கிறார்கள். ரேடியோவில் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அண்ணன் எங்கே நிற்கிறானோ. பேசாவிட்டால் போகிறது, முழுசாக இருந்தால் போதும்.

19 செப்டம்பர், சனி

கல்.

நான் போட்டது ஜாம் இல்லை, கல்.

பள்ளி விடுமுறை என்று ராஜாம்பாள் சத்துணவு அண்டாவைக் கொடுத்தாள். மூன்று கூடைப் பழத்தை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து விதை எடுத்தோம். ஊர் வெல்லம் முழுவதும் அதில் இறங்கியது. அப்பா செய்கிற மாதிரியே ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். உருளவில்லை. இன்னும் கிண்டினோம். லேசாக உருண்டது. இன்னும். கடைசியில் உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்றது. இதுதான் பதம் என்று இறக்கினேன். அது வெல்லத்துக்குப் பதம்! கை தன்பாட்டில் அப்பாவின் பதத்துக்குப் போயிருக்கிறது, மூளை கூடப் போகவில்லை.

ஆறியதும் துடுப்பு அண்டாவில் நட்டுக்கொண்டு நின்றது. ஆளை விட்டு இழுத்தோம், அண்டாவும் சேர்ந்து வந்தது. கடைசியில் கடப்பாரை. கொளஞ்சியக்கா ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை, பேச முடியவில்லை. பிறகு, "ருசியாத்தான் இருக்குது, பல்லுதான் போவும்" என்றாள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கல்லை வாங்கிச் சப்பிக்கொண்டே போனார்கள்.

சிரித்து முடித்து வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது. மலையில் இனி வெல்லம் இல்லை. வராந்தாவில் ஐந்து கூடை பழுத்துக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்கு மேல் தாங்காது. அக்கா என்னை நம்பி எழுந்து நின்றவள்.

20 செப்டம்பர், ஞாயிறு

கல்லான கதையைச் சொல்லி, வெல்லம் கேட்டு அப்பாவுக்கு இரண்டு வரி எழுதிப் பாவாடையிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

21 செப்டம்பர், திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதிவிட வேண்டும், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து அண்டா காலியான நேரம். கொல்லைப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் தலையில் சாக்கோடு ஒருத்தன் ஏறி வந்தான். அன்பு அண்ணன். வேட்டி முழங்காலில் கிழிந்திருந்தது. மூன்று நாள் தாடி. சாக்கை இறக்கிவிட்டு, மூன்றடி தள்ளி நின்ற என்னை விட்டுவிட்டுக் கொளஞ்சியக்காவைப் பார்த்துச் சொன்னான்:

"இருவது கிலோ இருக்குதுங்க. அப்பா குடுத்தனுப்புனாரு. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அக்கா திரும்பி, ஏதோ அடுத்த மலையில் நான் நிற்கிற மாதிரி, உரக்க அதை எனக்குச் சொன்னாள். வந்தவங்க தண்ணி குடிக்கிறாங்களா என்று நானும் அக்காவிடம் கேட்டேன். குடிக்கிறாராம். சாப்பிட்டாங்களா? சாப்பிடவில்லையாம். இப்படி நாலு தடவை ஆன பிறகு அக்கா, "எனக்கு வேல கெடக்குது" என்று துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டான். என் ஜாம் காகிதம். அச்சடித்த எதைப் பார்த்தாலும் கடைசி வரி வரை படிக்கிறவன். படித்தான்.

வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கூழில் ஊற்றினோம். கொதித்தது. இந்த முறை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தேன், சொட்டு விட்டேன். உருளவில்லை. இன்னும் கொஞ்சம்...

"செல்வி, எறக்கு."

திரும்பிப் பார்த்தேன்.

"எறக்குடீ, மறுபடி கல்லாயிடும்."

ஓடி வந்து துண்டால் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தான், மறு காதை நான். இரண்டு பேருக்கும் விரலில் சூடு பட்டது. ஒரு தட்டை ஈரத்துணியில் வைத்து அவனே ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தான். சொட்டு ஓடவில்லை, தளதளவென்று அப்படியே நின்றது.

"தட்டுல நின்னா போதும்னு போட்டிருக்குது. நீ படிக்கவே இல்ல" என்றான்.

பதினான்கு மாதம் கழித்து முதல் பேச்சு, அதுவும் திட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்றேன். கவர்மெண்ட்டில் புகையில்லா அடுப்பு கொடுக்கிறார்களாமே, கட்டவில்லையா என்றான். அதில் கோழி இருக்கிறது என்றேன்.

சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். கீழே போலீஸ் தேடுகிறதாம், கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இரு என்றாராம் அப்பா. அந்த நேரம் பார்த்து என் கடிதம் போயிருக்கிறது. "நானே வெட்டுன மரத்த நானே ஏறிக் குதிச்சு வந்தேன், தலையில வெல்லத்தோட. மூணாவது மரத்துல வேட்டி கிழிஞ்சுபோச்சு."

என்மேல் என்ன கோபம் என்று கேட்டே விட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"கோவம் இல்ல. ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வெக்கமா இருந்துச்சு."

இதை ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, மடையன். எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

22 செப்டம்பர், செவ்வாய்

ஐந்து கூடையும் முடிந்தது. அழுகிய சிலது ஆட்டுக்குப் போனது. அதை வீண் என்று சொல்ல மாட்டேன், ஆடும் சொல்லாது.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். கூழ் இரண்டு படி என்றால் தூள் வெல்லம் ஒரு படி. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போடக் கூடாது, மண் இருக்கும். எலுமிச்சைச் சாறு இறக்கப்போகும் நேரத்தில். தட்டில் சொட்டு நின்றால் உடனே இறக்கு. வெயிலில் காயவைத்த சட்டியில் சூட்டோடு ஊற்றி, ஆறியபின் துணி கட்டு. ஈரக் கரண்டி படக் கூடாது. நிறம் பாட்டில் ஜாம் மாதிரி சிவப்பாக வராது, பழுப்புதான். ருசி? அண்ணன் கேழ்வரகு அடையில் தடவி ஐந்து தின்றான்.

இங்கே அதற்குக் கொய்யாக் களி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜாம் என்று சொன்னால் கடப்பாரை ஞாபகம் வருகிறதாம்.

26 செப்டம்பர், சனி

வழி திறந்து ஒன்றிய வண்டி வந்தது. சர்க்கரை போடாதது கணக்குப்படி ஜாம் ஆகாது என்று கூட வந்த கிளார்க் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் விளக்கி முடிப்பதற்குள் டிரைவர் விரலாலேயே அரைக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார். நாலு சட்டி வண்டியில் ஏறியது. மீதியை ராஜாம்பாள் பஸ் நிற்கும் இடத்தில் வைத்தாள். ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்த சனம், இரண்டு பஸ்ஸில் சட்டியெல்லாம் காலி.

அண்ணன் அந்த இரண்டாவது பஸ்ஸில் மலையிறங்கிப் போனான். அப்பா ஆள் அனுப்பியிருந்தார், இனி பயமில்லை என்று. ஜன்னல் வழியாக, "படிச்சுப் பாத்து செய்" என்றான்.

29 செப்டம்பர், செவ்வாய்

சுப்புராயன் வந்தார். "இன்னா வெல சொல்றீங்க?" என்று முதல் தடவையாக அவர் கேட்டார். ராஜாம்பாள் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை.

20 ஆகஸ்ட் 1988, சனி

கொய்யா மறுபடி தொடங்கிவிட்டது. முதல் அண்டாவை இன்று வைப்பது என்று பேச்சு. வெள்ளிமலையில் கூட்டம் முடிந்து, பஸ் பஞ்சராகி, நான் கரியாலூர் வந்து சேரும்போது மூன்று மணி. எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்களே என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

வராந்தாவில் வரிசையாகப் பன்னிரண்டு சட்டி, துணி கட்டி. ஓரத்தில் இரண்டு வெல்ல மூட்டை, மேலே அண்ணன் கையெழுத்தில் 'கரியாலூர் மாதர் சங்கம்'. கொளஞ்சியக்கா கண்டக்டரிடம் சொல்லியனுப்பி, அண்ணனே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தானாம். எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் வேலை வரவில்லை, அடுத்த பரீட்சைக்குப் படிக்கிறான். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்து அடை தின்றுகொண்டிருந்தான்.

நான் வருவதற்குள் என்ன அவசரம் என்று கேட்டேன்.

"நீ வந்தா கல்லாக்கிடுவன்னு ஒங்க அண்ணன் எறக்கச் சொல்லிட்டாரு" என்றாள் கொளஞ்சியக்கா.

அண்ணன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை. அண்டாவின் ஓரத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். பதம் சரியாக இருந்தது.