டயரில் கூடிப்போன மினுக்கு

ஏப்ரல் 11, மாலை

எலாய் அண்ணா,

உன் காரின் டயர்களுக்கு மினுக்குத் திரவம் பூசும்போது ஒரு தவறு செய்துவிட்டேன். பக்கவாட்டில் மட்டும் பூச வேண்டியதை, பளபளப்பு போதவில்லையோ என்ற சந்தேகத்தில் தரையில் படும் பகுதியிலும் பூசிவிட்டேன். அது வழுக்கும், பிரேக் போட்டாலும் வண்டி நிற்காது. இப்போது கழுவினால் மாலை வகுப்புக்கு பஸ் கிடைக்காது.

நீ வந்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் தேவாலயத்துக்குப் போவாய். அதனால் சாவியை நான் எடுத்துப் போகிறேன். கத்துவாய், தெரியும்.

நேற்று உன் கார் கிளப் ஆட்கள் முன்னால், "டயர் துடைக்கத் தெரியாதவளுக்கு ஸ்டீயரிங் கேக்குதாம்!" என்றாயே, அதற்குப் பழிவாங்குகிறேன் என்று நினைக்காதே. அது வலித்தது, ஆனால் இது வேறு.

நீங்கள் தேவாலயம் போக, பக்கத்து வீட்டு ஓர்லாந்தோ மாமாவிடம் வண்டி கேட்டுவிட்டேன். "உங்கண்ணன் என் ஓட்டை வண்டியில ஏறுவானா? ஏறட்டும், நானும் பாக்குறேன்!" என்றார்.

பச்சை மிளகாய்க் கறி அடுப்பில் இருக்கிறது.

ரோசெண்டா

பி.கு. மாற்றுச் சாவியும் என்னிடம்தான். அலமாரியைக் கலைக்காதே.

நாளைக் காலை: நான்கு டயர்களையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பக்கவாட்டில் மட்டும் மெல்லிதாகப் பூச வேண்டும். நான்தான் பூசுவேன்.