கன்னிமார் காட்டில் வெறுங்கால்

இன்று காலை ஆட்டையாம்பட்டியில் பஸ் நின்றபோது பூண்டு நெடி வந்தது. பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஆருதுங்க இந்தப் பூண்டு மூட்டை? கொடலப் பொரட்டுது."

கண்டக்டர் குனிந்து பார்த்தான். இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றிய ஒரு தகர டின்.

"பூண்டு இல்லீங்கம்மா. பருத்திக்கு அடிக்கிற மருந்து."

"மருந்துதானா" என்றாள். முகத்தில் இருந்த சுளிப்புப் போய்விட்டது. மடியில் இருந்த கைமுறுக்குப் பொட்டலத்தை எடுத்து அந்தச் சாக்கின் மேலேயே வைத்தாள்.

"மடியிலயே வச்சுக்குங்கம்மா" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

சேலத்தில் இறங்கி மதராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும். நாளை நான் எடுக்க வேண்டிய வகுப்பு இருக்கிறது. ஆனால் இறங்கியதும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. எங்கே போனேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் மற்றதை எழுதினால்தான் அதை எழுத முடியும். உனக்குத் தெரிந்ததுதான் எல்லாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

கல்லூரியில் இரண்டு வருஷம் நமக்கு ஒரே பெஞ்சு. உன் அப்பா போனபின் நீ இன்டர்மீடியட்டோடு நிறுத்திவிட்டாய். பிளாக் ஆபீஸில் பயிருக்கு மருந்தடிக்கும் மேஸ்திரி வேலை. நான் மதராஸ் போய்த் தத்துவம் படித்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒருவேளைச் சாப்பாடு உன் வீட்டில். உன் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே நமக்குச் சோறு போடுவார்கள். கை துணியில், பேச்சு நம்மிடம்.

ஒரு தடவை நான் வந்தபோது ஆபீஸிலிருந்து உனக்கு ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. முன்னால் கட்டிக்கொள்ள ஒரு ரெக்ஸின் துண்டு. மூக்குக்கு, பல மடிப்பு வைத்துத் தைத்த துணிமூடி. பட்டை வைத்த கண்ணாடி. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றாய்.

"ஏன்டா, உன்னைப் பாத்தாலே பூச்சி செத்துடும். மருந்து எதுக்கு?"

"சிரிக்காதே அக்கா. நான் சாகாம இருக்க சர்க்கார் தெச்ச சட்டை."

அக்கா சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அதற்குப்பின் வீட்டில் மூட்டைப்பூச்சிக்குப் பவுடர் தூவினால்கூட மூடியைக் கட்டிக்கொள்வாய். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் டின்னைத் திறக்கமாட்டாய். உடுத்திய துணியைத் தனியாக நனைப்பாய். மருந்தடித்த கையோடு பீடி பற்றவைத்த ஒரு கூலியாளின் வாயிலிருந்து பீடியைப் பிடுங்கி எறிந்ததாக ஒருமுறை எழுதியிருந்தாய். அவர் உன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர் என்றும் எழுதியிருந்தாய்.

டின்னோடு வந்த ஆங்கிலத் தாளைத் தமிழில் எழுதித்தரச் சொன்னாய். நான் எழுதினேன். 'சருமத்தின் வாயிலாகவும் தேகத்தினுள் பிரவேசிக்கும்.' வாசித்துவிட்டுத் தாளை மடக்கினாய்.

"இதைக் காட்டுல வாசிச்சா யாருக்காவது அருள் வந்துடும்டா. குடிக்கவே வேணாம், மேல பட்டாலே உள்ள போயிடும்னு எழுது."

அப்படியே எழுதினேன். ஆக, உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று எங்கள் காட்டில் நின்றவர்களில் அது தெரிந்த இரண்டு பேர் நாம்தான்.

அது மார்கழி. எனக்குக் கிறிஸ்துமஸ் லீவு. எங்கள் பருத்தியில் காய்ப்புழு விழுந்திருந்தது. அப்பா பிளாக் ஆபீஸுக்குச் சொல்லி அனுப்ப, நீயே வந்தாய். 'உங்க காட்டுக்கு வேற யாரையாவது அனுப்புவேனா' என்றாய்.

எங்கள் கிணற்றுக் காட்டின் தென்கோடியில் ஏழு கற்கள் உண்டு. கன்னிமார். பயிர் பூத்துவிட்டால் அந்தக் காட்டில் காலில் எதையும் மாட்டிக்கொண்டு யாரும் இறங்குவதில்லை. அப்பா இறங்குவதில்லை. களையெடுக்க வருகிறவர்கள் இறங்குவதில்லை. சாமி இல்லை என்று ஹாஸ்டலில் தொண்டை வறளப் பேசும் நானும் இறங்குவதில்லை. வரப்பைத் தொட்டதும் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும். யோசித்துச் செய்வதல்ல.

நீ பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாய். பக்கத்துக் காட்டுக்காரர், அப்பாவுக்கு மாப்பிள்ளை முறை, வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

"ஏனுங்க, கடலைக்காட்டுல உழுவுற மாட்டுக்குத்தான் வாய்க்கூடு போடுவோம். இவரு பயிரை மேஞ்சுருவாருன்னு ஆபீஸ்லயே போட்டு அனுப்பிட்டாங்களா?"

"மேய மாட்டேனுங்க" என்றாய் மூடிக்குள்ளிருந்து. "உங்க காட்டுக்கு வரும்போது அவுத்துட்டு வாரேனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நீ மூடியைக் கழற்றவில்லை. கேலிக்குப் பயந்து எதையும் கழற்றியவனில்லை நீ.

பிறகு அப்பா உன் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. காலுல இருக்கறத மட்டும் வரப்புல உட்டுட்டு எறங்குங்க. கன்னிமாரு இருக்கற காடு. பயிரு வேற பூத்துக் கெடக்குது."

அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாய். அவர் கேட்டுக்கொண்டார். தலைநரைத்த மனிதர் உன்னைச் சாமி என்று கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார். நீயோ வேதக்காரன், கிறிஸ்தவன். அடுத்தவர் கும்பிடும் இடத்தில் பூட்ஸோடு நடந்தான் என்று ஒரு பேச்சு வருவதை உன்னால் தாங்க முடியாது. உன் மனதில் ஓடியது இதுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. இனிக் கேட்க முடியாது.

"ஆகட்டுங்க" என்றாய்.

நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மனிதன் தன் ஒவ்வொரு செயலுக்கும் தானே பொறுப்பு என்று சொல்லும் புத்தகம்.

பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு இறங்கினாய். இடுப்பளவு செடி. அடித்து முடித்த வரிசையின் ஈர இலைகள், அடுத்த வரிசையில் போகும்போது உன் காலைத் தடவிக்கொண்டே வந்தன. முதுகில் மாட்டிய டாங்கியின் அடிக்குழாயில் வாஷர் கசிந்தது. தொடையில் இறங்கி, கெண்டைக்காலில் இறங்கி, குதிகாலில் சொட்டியது. மூக்குக்கு மூடி இருந்தது. கைக்கு உறை இருந்தது. உள்ளே போக மருந்துக்குக் கால் போதுமானதாக இருந்தது.

உச்சிப்பொழுதில் கரையேறினாய். சோப்புப் போட்டுக் கை கழுவினாய். சோற்றுக்கு உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளிவைத்தாய். "தலை வலிக்குதுடா" என்றாய். பிறகு "கண்ணு மங்குது" என்றாய். மார்கழிக் காற்றில் உன் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் நிற்காமல் ஊறியது.

"பித்தமா இருக்கும். மோரு ஊத்திக் குடுங்க" என்றார் அப்பா.

நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். "காலைக் கழுவுடா. சோப்புப் போட்டுக் கழுவு."

கழுவினேன். கெண்டைக்கால் சதை என் கைக்குள் தானாகத் துடித்தது. நான் கழுவக் கழுவத் துடித்துக்கொண்டே இருந்தது.

ரோட்டில் வெல்லம் ஏற்றிக்கொண்டு போன லாரியை நிறுத்தி உன்னை ஏற்றினோம். சேலம் போய்ச்சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் கண்மணிகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. உன் வாயிலிருந்து பூண்டு நெடி வந்தது.

"என்ன கஷ்டமுங்க அவருக்கு? சின்ன வயசு" என்றார் டிரைவர். அனுதாபமாகத்தான் சொன்னார். "அதுக்காகக் குடிச்சுப்போடறதா?"

"குடிக்கலீங்க" என்றேன்.

"குடிக்காம எப்படீங்க உள்ள போவும்?"

உன் தெருவிலும் அதையே கேட்டார்கள். உடலை இறக்குவதற்கு முன்பே அந்தப் பேச்சு இறங்கிவிட்டிருந்தது. மருந்து குடித்துச் செத்தவனுக்குப் பங்குக் கல்லறையில் இடம் கிடையாது. மணி கிடையாது, பூசை கிடையாது. சுவருக்கு வெளியே ஒரு குழி, அவ்வளவுதான்.

அக்கா என்னைத் தேடி வந்தார்கள். அழவில்லை. "நீ கூட இருந்தவன். வந்து சாமியார்கிட்ட சொல்லு. அவனைச் சுவத்துக்கு வெளியில போட நான் விடமாட்டேன்."

பங்குச் சாமியார் கடுமையானவர் அல்ல. களைத்த மனிதர். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். உன் சட்டைப்பையில் இருந்த, நான் எழுதித்தந்த தாளைக் கொடுத்தேன். 'மேல பட்டாலே உள்ள போயிடும்.' இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தார். நம்பினார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார்.

"பூட்ஸ் கொடுத்திருந்தார்களே தம்பி. ஏன் போடவில்லை?"

ஜன்னலுக்கு வெளியே கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அவ்வளவு சின்ன உருவமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கால் வேர்த்ததுங்க சாமி. அவனே கழட்டிட்டான்."

"மார்கழி மாசத்திலயா?" என்றார்கள் அக்கா. மெதுவாகத்தான். 

உன்னைச் சுவருக்கு உள்ளே அடக்கம் செய்தார்கள். மணி அடித்தது. உன் ஆபீஸ் தாளிலும் நான் சொன்னதே ஏறியது: கவனக்குறைவு. பவுடர் தூவவே மூக்கைக் கட்டிக்கொண்டவன் நீ. உனக்கு ஆறடி இடம் வாங்கிக்கொடுத்துவிட்டு உன் ஜாக்கிரதையைப் பிடுங்கிக்கொண்டேன்.

பொங்கல் கழித்து ஒருநாள் அப்பா கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏஞ்சாமி, நாஞ் சொன்னதுனாலதானா?"

"இல்லீங்கப்பா."

"செரி" என்றார்.  பிறகு தட்டை எடுத்துப் போட்டார். அடுத்த வருஷம் புழு விழுந்தபோது யாரையும் கூப்பிடவில்லை. காடு முழுவதையும் தின்ன விட்டார். அதற்கடுத்த வருஷம் அங்கே சோளம். போன ஆடியில் அவரும் போய்விட்டார்.

இன்று நான் போனது உன் வீட்டுக்கு. அக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தார்கள். முடி பாதி வெளுத்துவிட்டது. நான் உட்காராமலே சொன்னேன். கால் வேர்க்கவில்லை, அவனாகக் கழற்றவில்லை, அப்பா சொல்லித்தான் கழற்றினான் என்று.

"தெரியும்" என்றார்கள். மிஷின் நிற்கவில்லை. "உங்கப்பா அப்பவே சொல்லிட்டார். ஏழாம் நாள் பூசைக்கு வந்தார். உள்ள வரலை, வாசல்லயே நின்னார். 'நாந்தானுங்கம்மா கழட்டச் சொன்னேன். உங்க தம்பி மேல தப்பே இல்லீங்க'ன்னார். சாமியார்கிட்டயும் போய்ச் சொன்னார். நாலு பேர் கேக்கத்தான் சொன்னார்."



"என்கிட்ட யாரும் சொல்லலையே அக்கா."

"சொல்லவேணாம்னார். அவனாச் சொல்லட்டுமுங்கன்னார்."

ஏழாம் நாள். பொங்கலுக்கு முன்னால். அப்பா கட்டுத்தரையில் என்னிடம் கேட்டபோது அவருக்குப் பதில் தெரியும். நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவரை அல்ல.

அக்கா துணியைத் திருப்பி ஊசிக்கடியில் வைத்தார்கள். உடனே தைக்கவில்லை.

"அப்ப நீ எங்கே இருந்தே?"

"கிணத்து மேட்டுல."

"எவ்வளவு தூரம்?"

"கூப்பிட்டா கேக்கற தூரம்தான்."

"கழட்டும்போது உன்னைப் பாத்தானா?"

பார்த்தாய். ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு இன்னொன்றில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்த்தாய். அதிக நேரமில்லை. அப்பாவிடம் நீ மறுத்துப் பேசமுடியாது, மகன் பேசலாம். போட்டுக்கிட்டே எறங்கட்டுமுங்கப்பா என்று ஒரு வார்த்தை. அதற்காகப் பார்த்தாய். நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். நீ குனிந்து மற்றதையும் கழற்றினாய்.

"பாத்தான் அக்கா" என்றேன்.

அக்கா மிஷினை மிதித்தார்கள். அந்தத் தையலை முடித்தார்கள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார்கள்.

சாப்பிட்டேன். ரயில் போய்விட்டது. அடுத்த வண்டிக்கு நேரம் இருக்கிறது. வெயில் பாதிவரைக்கும் ஏறிய ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ பார்த்ததில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் நான் எப்படியாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. நான் பேசுவேன் என்று நம்பித்தான் பார்த்தாய். அந்த நம்பிக்கையை இன்னும் என்னிடமே வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க நீ இல்லை.