ஏறுபாதையில் போட்ட விருந்துக் கூடாரம்

அனுப்புநர்:
சைராகுல் அசனோவா,
இயற்பியல் ஆசிரியை, நடுநிலைப் பள்ளி,
கோக்-பெல் கணவாய் அடிவாரம், கிர்கிஸ்தான்.

பெறுநர்:
எர்மெக் தோக்தோசுனோவ் அவர்கள்,
தலைமைப் பொறியாளர்,
மலைச்சாலைப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: லாரி ஓட்டுநர் குபாத் அசனோவ் மீதான விசாரணை அறிக்கையைத் திருத்தி, அவரது உரிமத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜூன் 14 அன்று கணவாய் இறக்கத்தில் நிலக்கரி லாரியோடு பாறையில் மோதி, இரண்டு கால்களும் முறிந்து கிடக்கும் குபாத் என் கணவர். "அலட்சியம்" என்று எழுதி அவர் உரிமத்தை ரத்து செய்துவிட்டீர்கள். லாரியைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

2. "சுமை கூடினால் வண்டி சாலையை நன்றாகப் பிடிக்கும், நிற்காமல் போக நியாயமில்லை" என்கிறது தங்கள் அறிக்கை. தேர்வில் இப்படி எழுதிய மாணவனை நான் மறுபடியும் ஏழாம் வகுப்பிலேயே உட்காரவைத்தேன். தங்களைத் தலைமைப் பொறியாளர் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள். அந்தச் சாலை பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது. இருபது டன் லாரியை இரண்டு டன் பலம் ஓயாமல் கீழே தள்ளும். சுமை கூடினால் பிடிப்பு மட்டும்தான் கூடுமா, தள்ளுவது கூடாதா? இரண்டாம் கியரில்தான் இறங்கினார். எட்டு கிலோமீட்டர் இறக்கத்தில் சூடேறிப் புகைந்த பிரேக் பிடிக்கவில்லை.

3. அப்படிப்பட்ட வண்டிகள் ஏறி நிற்கத்தான் சாலையோரம் சரளை கொட்டிய ஏறுபாதை இருக்கிறது. கீழே இழுத்த எடையே மேட்டில் வண்டியை நிறுத்திவிடும். "ஏறுபாதையைப் பயன்படுத்தாதது ஓட்டுநரின் குற்றம். நேரில் கண்ட சாட்சி எவருமில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா ஐயா?

4. அன்று அந்த ஏறுபாதையின் நட்டநடுவில் கம்பளிக் கூடாரம் போட்டுத் தங்கள் அலுவலகம் குதிரைப்பால் விருந்து நடத்தியது. உள்ளே பதினோரு பேர். பெரிய விருந்தாளியை வாசலுக்கு நேர் எதிரே அமர்த்தி, ஆட்டுத்தலையை அவர் முன் வைப்பது நம் வழக்கம். தங்கள் அறிக்கையின் அடியில் விரல் வைத்துக் கூடாரக்காரி துர்துகான் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தலையை இவர் முன்னாலதான் வெச்சேன் டீச்சர். வாசல் வழியா லாரி வர்றதப் பாத்துட்டு, 'ஐயோ, திருப்புடா, திருப்பு!'ன்னு அலறுனதும் இவர்தான்."

5. திருப்பினார் ஐயா. பாறைப் பக்கம் திருப்பினார்.

ஆகவே, கூடாரத்தை அகற்றி, உரிமத்தைத் திருப்பித் தந்து, விடுபட்ட சாட்சியின் பெயரை அறிக்கையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயரை எழுதுவது தங்களுக்குச் சிரமமில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதைத்தான் கையெழுத்தாகப் போட்டிருக்கிறீர்கள்.

இடம்: கோக்-பெல்
நாள்: ஜூலை 9

இப்படிக்கு,
பதினோரு பேரும் உயிரோடிருக்கக் காரணமானவரின் மனைவி,
சைராகுல் அசனோவா